மன்னிக்க வந்த மாப்பிள்ளை

ஜூன் 3

சிட்டு,

இன்று ஜூன் மூன்றாம் தேதி. எனக்கு எழுபத்து நான்கு வயதும் ஐந்து மாதமும் நிறைந்திருக்கின்றன. இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் உண்டு. "அக்காவுக்கு வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது, அதான் என் பொண்ணைப் பிடிச்சு வச்சிருக்கா" என்று நம் அத்தை மகனிடம் நீ சொன்னதாகத் தகவல் வந்தது. தேதி தெரிகிறது. வயது தெரிகிறது. உன் மகளும் பேத்தியும் என் முன்னறையில் தூங்குகிறார்கள் என்பதும் தெரிகிறது. புத்தி இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

இனி என் குரலையே கேட்கமாட்டேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாய். கடிதத்துக்குக் குரல் கிடையாது. உன் சபதத்துக்கு ஊறு நேராமல் எழுதுகிறேன்.

நீ இதுவரை கேட்டது மாப்பிள்ளை சொன்ன கதை. நடந்தது வேறு. உன் மகள் துரும்பு மருத்துவரிடம் போனதே இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டுத்தான். கருத்தடைக்கு வைத்திருந்த காப்பர் டி என்ற செம்புச் சாதனத்தை எடுத்துவிடலாமா என்று கேட்கப் போனாள். மாப்பிள்ளை அப்போது லிப்ட் பொருத்தும் வேலையாக வெளியூரில் இருந்தார். போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. எடுப்பதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துவிடலாம் என்று மருத்துவர் சொல்ல, இவளும் சரி என்றிருக்கிறாள். கிளமிடியா என்ற தொற்று இருப்பதாக முடிவு வந்தது. உடலுறவின் வழியாகப் பரவுவது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம். முப்பது ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் செடிகளின் நோய்களைப் பாடம் நடத்தியவளுக்கு இது புதுச் செய்தி அல்ல. இலை பச்சையாக இருக்கும். தண்டைப் பிளந்தால் உள்ளே கறுத்திருக்கும்.

குணப்படுத்தக்கூடியதுதான். ஒரு வாரம் மாத்திரை. ஆனால் இருவருமே சாப்பிடவேண்டும்; முடியும்வரை கூடக்கூடாது. அதன் பிறகும் அவர் பரிசோதனை செய்துகொள்ளும்வரை ஆணுறை. அப்படியே விட்டால் கருக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பிள்ளை என்ற பேச்சே எடுக்க முடியாமல் போகலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று இவள் இதை அத்தனை பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்ன பதில்: "செம்பை உள்ள சொருகி வச்சா புண்ணாகாம பூவா பூக்கும்? மாத்திரையை நீ சாப்பிடு. எனக்கு எதுக்கு?"

மறுநாள் இவள் பெட்டியோடு இங்கே வந்தாள். நான் அழைக்கவில்லை. வந்தவளைத் திருப்பி அனுப்பவும் போவதில்லை.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை ஒரு வாரமாக என் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது, தனியாக அந்த வீட்டில் என்ன செய்வார். மூன்று வேளையும் நான்தான் பொங்கிப் போடுகிறேன். குளிக்க வெந்நீர் வேண்டும், தலையணை இரண்டு வேண்டும், தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் ஒரு வார்த்தை உன்னைப் பற்றியோ துரும்பைப் பற்றியோ தப்பாகப் பேசவில்லை. முதல் நாள் வந்து உட்கார்ந்து, என் முன்னால் கண்கலங்கினார். அந்த மனிதன் அழுது நான் பார்த்ததே இல்லை. "அத்தை, நான் அவளை மன்னிச்சிட்டேன். வந்தா போதும்" என்றார். இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை என்ன இறங்கி வருவான்?

நீ எழுதிய நோயின் பெயரை நான் இரண்டாம் தடவை படிக்கவில்லை. கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நீ படித்தவள், எதையும் கூசாமல் எழுதுகிறாய். நான் வாயால்கூடச் சொன்னதில்லை. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், அங்கே எல்லாருக்கும் ஒரே கழிப்பறை. அதில் ஒட்டியிருக்கக் கூடாதா? பிள்ளை வராமல் இருக்கத்தான் அந்தச் சாதனத்தை வைத்துக்கொண்டாளே, அப்புறம் எதற்குப் புருஷனிடம் போய் உறை போடு என்று சொல்கிறாள்? கட்டின பெண்டாட்டி வாயிலிருந்து வருகிற பேச்சா அது? அவர் தெருவில் போகிறவராகிவிட்டார் என்றுதானே அதற்கு அர்த்தம்?

எதிர்வீட்டு வாத்தியாரம்மா தினமும் கேட்கிறாள், பேத்தியைக் காணோமே என்று. பள்ளிக்கூடம் லீவு என்றேன். லீவு எத்தனை நாளைக்கு நீளும்?

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அங்கே வருகிறார். குறுக்கே பேசாமல் அவளை அனுப்பி வை. உன் புத்திசாலித்தனத்துக்கு என் மகளின் குடும்பம்தான் கிடைத்ததா?

சிட்டு

ஜூன் 16

சிட்டு,

வந்தார். எங்கள் கட்டடத்தில் லிப்ட் பழுது. ஊரெல்லாம் லிப்ட் மாட்டுகிறவர் நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சற்று இரக்கம் வந்தது. அது தண்ணீர் கொடுத்து முடிக்கும்வரைதான் நீடித்தது.

நீ "குறுக்கே பேசாமல்" என்று எழுதியிருந்தாய். பேசவில்லை. மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு புத்தகம் பிரித்து வைத்திருந்தேன். ஒரு பக்கமும் திருப்பவில்லை என்பது வேறு. ஆகவே நீ படிக்கப்போவது இருவரும் பேசியது.

அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நீ தேய்த்துக் கொடுத்தது என்று நினைக்கிறேன். உட்கார்ந்ததும், நடந்ததை மறந்துவிடலாம், தான் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, மன்னித்துவிட்டதாகச் சொன்னார். துரும்பு கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிச் சட்டம் ஒன்றுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எதுக்கு மன்னிச்சீங்க?"

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். இவள் மேலே கேட்டாள். தான் வேறு யாரிடமாவது போனதாக நினைக்கிறாரா, நினைத்தால் அதை இங்கேயே சொல்லட்டும். அப்படி நினைக்கவில்லை என்றார். அப்படியானால் அது எங்கிருந்து வந்தது என்றாள். கழிப்பறை என்றார். மருத்துவரிடம் அதையும் கேட்டுவிட்டதாகவும், இந்தக் கிருமி கழிப்பறையில் உட்காருவதால் வராது என்று அவர் சொன்னதாகவும் இவள் சொன்னாள். உனக்கும் இதுவே பதில், சிட்டு. நீ இரண்டாம் தடவை படிக்காத பத்தியில் நானும் எழுதியிருந்தேன், உடலுறவின் வழியாகப் பரவுவது என்று.

பிறகு காப்பர் டி. அவருக்கு அதுதான் பெரிய ஆயுதம். "அதான் உள்ள ஒண்ணு வச்சிருக்கியே, அப்புறம் உறை எதுக்கு? என்னை நம்பலைன்னு நேரா சொல்லேன்" என்று சற்று உரக்கவே கேட்டார். உன் கடிதத்தில் இருந்த அதே கேள்வி. மாமியாரும் மருமகனும் ஒரே அடுப்பில் சாப்பிடுவதன் பலன் போலும்.

உன் மகள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"காப்பர் டி பிள்ளை வராமதான் பார்க்கும். நீங்க கொண்டு வர்றதை அது பார்க்காது. அதுக்கு உறைதான் வேணும். இதுல நம்புறது நம்பாததுன்னு ஒண்ணும் இல்லைங்க. லேப் ரெண்டு தெரு தள்ளி இருக்கு. வாங்க, நடந்தே போயிட்டு வரலாம். நானும் கூட வரேன். கையைப் பிடிச்சுக்கணும்னா பிடிச்சுக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் கேலி இல்லை. அவர் சரி என்று எழுந்திருந்தால் அன்றைக்கே அவள் பெட்டியை மூடியிருப்பாள். எனக்கு அது நன்றாகத் தெரியும்; எனக்கு அதில் உவப்பில்லை என்றாலும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன்.

அவர் எழுந்தார், செருப்பை நோக்கி. "நான் என்ன பொறுக்கியா, லேப் லேப்பா போய் நிக்க?" என்றார். என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, எல்லாம் நீங்க குடுக்கற தைரியம்" என்றார். நான் ஒரு பக்கம் திருப்பினேன்.

அவர் படியிறங்கிய பிறகு பேத்தி உள்ளேயிருந்து வந்து, "அப்பாவுக்கு ஊசின்னா பயமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் துரும்பு. ஆறு வயதுக்கு அது போதுமான பதில்.

தைரியம் கொடுத்தது நான் என்று நீயும் நினைக்கிறாய். நான் கொடுத்தது ஒரு கட்டில், ஒரு அலமாரித் தட்டு, சாவியின் நகல். மற்றதெல்லாம் அவளே கொண்டுவந்தது.

அக்கா

ஜூன் 22

அக்கா,

இந்தத் தடவை அன்புள்ள போடவில்லை, கவனித்துக்கொள்.

அவர் திரும்பி வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ஆண்பிள்ளை நான்கு மாடி ஏறி வந்திருக்கிறார், நீ மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறாய், அதையும் பெருமையாக எழுதுகிறாய்.

நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி சொல்லிவிடுகிறேன். நீ பிள்ளை பெற்று வளர்த்தவளாக இருந்தால் இன்னொருத்தி மகளின் குடும்பத்தோடு இப்படி விளையாடமாட்டாய். டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் கருத்தடை மாத்திரையாக முழுங்கினாய். யார் சொல்லியும் கேட்கவில்லை. அது உன் கருப்பையைத் தின்றுவிட்டது. அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அதனால்தான் துரும்பு காப்பர் டி வைத்துக்கொண்டபோதே நான் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். இதெல்லாம் உடம்புக்கு ஆகாது என்று நம் வீட்டிலேயே கண்ணால் பார்த்திருக்கிறோமே.

அத்தான் மாதிரி ஒரு மனிதர் கிடைத்ததால் நீ பிழைத்தாய். வேறு யாராவது என்றால் பிள்ளையில்லை என்று இன்னொருத்தியைக் கட்டியிருப்பான். அவர் உன்னை ஒரு சொல் சொன்னதுண்டா? அப்பா இல்லாத வீட்டில் என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர். எனக்கு அவர்தான் அப்பா. அவர் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு வார்த்தையில் இதைத் தீர்த்து வைத்திருப்பார்.

மாத முடிவில் நானே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் விருப்பம்.

சிட்டு

ஜூன் 24

அக்கா,

நீ பதில் எழுதுவதற்கு முன் இதையும் படித்துவிடு.

நேற்று மாப்பிள்ளையின் துணிகளைத் துவைக்கப் போட்டேன். கால்சட்டைப் பையில் மருந்துக்கடைக் காகித உறை ஒன்று இருந்தது. உள்ளே மாத்திரை அட்டை, பாதி காலி. அவர் வெளியூரில் இருந்தபோது துரும்பு இங்கே வந்து தங்கி, அலமாரியில் விட்டுப்போன காலி அட்டை ஒன்று கிடக்கிறது, அதோடு வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பெயர். காகித உறையில் அவர் போன தடவை லிப்ட் மாட்டப் போன ஊரின் பெயர் அச்சடித்திருக்கிறது.

தொண்டைக்குச் சாப்பிட்டது என்கிறார். தொண்டைக்கும் இதே மாத்திரை கொடுப்பார்களா? நீ படித்தவள், சொல். கொடுப்பார்கள் என்றால் கொடுப்பார்கள் என்று மட்டும் எழுது.

அப்படியே இருந்தாலும்தான் என்ன. அங்கேயே மருந்து சாப்பிட்டுவிட்டார் என்றால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம். இவளும் சாப்பிட்டுவிட்டாள். இனி எதற்கு லேப், எதற்கு உறை? ஆண்கள் நாலு ஊர் போகிறவர்கள். அத்தானும் வங்கி ஆய்வாளர் வேலையில் மாதம் பாதி வெளியூரில்தான் இருந்தார். நீ அவரை என்றைக்காவது நிறுத்தி வைத்துக் கேட்டதுண்டா? கௌரவமாக வாழ்ந்தாய். நீ வாழ்ந்ததுபோல அவளையும் வாழச் சொல். உன் பேச்சை அவள் கேட்பாள்.

இன்று அவருக்கு வெந்நீர் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

சிட்டு

ஜூலை 1

சிட்டு,

தொண்டைக்கும் அந்த மாத்திரையைக் கொடுப்பது உண்டு. நீ கேட்டபடி எழுதிவிட்டேன். ஆனால் தொண்டைக்கு மருந்து சாப்பிட்ட மனிதர், மனைவி அதே மருந்தை நீட்டும்போது "இது ஏற்கெனவே சாப்பிடறேனே" என்று சொல்லியிருப்பார். செம்பில் பூப் பூக்குமா என்று கேட்டிருக்கமாட்டார். அதோடு, பாதி அட்டை பாதி மருந்துதான். எரிச்சல் நின்றதும் நிறுத்தியிருக்கிறார். பாதி விரட்டிய கிருமி போய்விட்டதாக அர்த்தம் இல்லை; அதனால்தான் லேப், அதனால்தான் உறை. இரத்தத்தில் தெரியும் மற்ற நோய்கள் வேறு இருக்கின்றன. இவள் எல்லாவற்றுக்கும் பரிசோதித்துக்கொண்டாள். அவர் ஒன்றுக்கும் இல்லை.

உன் கடிதத்தைத் துரும்பிடம் கொடுத்தேன். உன் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் தரமாட்டாய். சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு படித்தாள். படித்துவிட்டு, "தெரிஞ்சேதான் வீட்டுக்கு வந்திருக்கார்" என்றாள். கடிதத்தை மடித்துக்கொண்டே, "அப்போ மன்னிக்க வேண்டியது யாரு பெரியம்மா?" என்றாள். நான் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தேன். அழுதாளா என்று நீ கேட்பாய். அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, அவரைத் தொலைபேசியில் அழைத்து, நான் இருக்கும்போதே பேசினாள்.

அவள் போட்ட நிபந்தனை இது: மருந்தை முழுதாகச் சாப்பிட்டு, எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டு, தெரிந்தே மறைத்ததாக உன் முன்னால் அவர் வாயால் சொல்லவேண்டும். உன் முன்னால் என்று ஏன் கேட்டாள் என்பது உனக்கே தெரியும். அதன் பிறகுதான் வருவதா வேண்டாமா என்று யோசிப்பாளாம். வருவேன் என்று வாக்குத் தரவில்லை. அதுவரை காப்பர் டி இருந்த இடத்தில் இருக்கும். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் இங்குள்ள கிளையில் பார்வை அளக்கும் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பேத்தி பள்ளிக்குப் போகிறாள். வாத்தியாரம்மாவிடம் லீவு முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

மறுபரிசோதனையில் தொற்று போய்விட்டது. வலியோ காய்ச்சலோ வருமுன்பே கண்டுபிடித்ததால் குழாய்களுக்குச் சேதம் இருக்க வாய்ப்புக் குறைவு என்று மருத்துவர் சொன்னார். குறைவு என்றார், இல்லை என்று சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் உன் மகளின் இரண்டாவது பிள்ளை இருக்கிறது. அங்கே அவரை மறுபடி விடச் சொல்கிறாய்.

நான் வாழ்ந்ததுபோல அவளையும் வாழச் சொல் என்கிறாய். சொல்லமாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியவேண்டும். இனி எழுதப்போவதை உன் கல்யாணத்துக்கு முன் சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணத்தை முன்னின்று நடத்த வீட்டில் ஆள் இல்லை. பின்னால் சொல்லியிருந்தால் உனக்கு அப்பா இல்லை. கணக்குப் போட்டுத்தான் வைத்துக்கொண்டேன். தியாகம் என்று யாரும் பெயர் சூட்ட வேண்டாம். இன்று கணக்கு மாறிவிட்டது. உன் அப்பாவைவிட உன் மகள் முக்கியம்.

மாத்திரையை நான் நிறுத்தியது ஆராய்ச்சி முடிந்த உடனே. நிறுத்தியபின் மாதவிலக்கு ஒழுங்காக வந்தது. மூன்று ஆண்டு காத்திருந்தும் ஒன்றும் இல்லை என்ற பிறகு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். கருப்பை நன்றாக இருந்தது. அதை எதுவும் தின்னவில்லை. இரண்டு குழாய்களும் அடைத்திருந்தன. முன்பு எப்போதாவது அடிவயிற்றுவலியோடு காய்ச்சல் வந்ததா என்று அந்த டாக்டரம்மா கேட்டார். வந்தது, ஆராய்ச்சி நாட்களில், ஆய்வகத்தில் நின்றுகொண்டே வேலை செய்ததால் என்று நினைத்திருந்தேன். பிள்ளை வராது, மாத்திரை இருக்கிறது, எனக்கு என்ன பயம் என்று இருந்த நாட்கள் அவை. "உங்க வீட்டுக்காரரை உள்ள கூப்பிடுங்க" என்றார். போய்க் கூப்பிட்டேன். அவர் நடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

திரும்பும்போது பேருந்தில் எனக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தார். நீ எப்போதும் மெச்சுவாயே, அந்த அமைதியான குரல், அதிலேயே சொன்னார். "ஆய்வுக்குப் போன ஊர்ல ஒருதடவை ஊசி போட்டுக்கிட்டேன். எனக்குச் சரியாயிடுச்சு. உனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன்."

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் மறுபடி சொன்னார்: "நீ மாத்திரை சாப்பிட்டது எல்லாருக்கும் தெரியும். அதனாலன்னே இருக்கட்டும். நம்புவாங்க."

மறுவாரம் நான் பல்கலைக்கழகத்தில் இருந்த நேரம் பார்த்து, அவரே நம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை என் கருப்பையைத் தின்றுவிட்டது என்று நம் வீட்டில் முதன்முதலாகச் சொன்னவர் உன் அத்தான்.

அக்கா